நாலாவது அடி என்னுடையது

கம்பைநல்லூரிலிருந்து அரூர் போகிற சாலையில், தெற்குப் பக்கமாக நூற்றிருபது அடி நீளத்துக்கு ஒரு தகரக் கொட்டகை நிற்கிறது. அது நான் கட்டியது. அதற்குப் பின்னால் இருக்கும் லாரி எடைமேடை நான் வைத்தது. பக்கத்தில் இருக்கும் கிணறு, பாறை என்று இரண்டு பேர் வெட்டிப் பார்த்துக் கைவிட்ட இடம். நான் மூன்றாவதாக இறங்கினேன், அறுபத்தெட்டு அடியில் தண்ணீர் வந்தது. எதிரே பஸ் நிற்கிற இடத்தில் உள்ள நிழற்குடையும் நான் கொடுத்ததுதான், அதில் வேறொருவர் பெயர் எழுதியிருந்தாலும். மூன்று மாடி வீடு, மகனுடைய இன்ஜினியர் படிப்பு, மகள் கல்யாணம், இவை எல்லாமும் புளியில் வந்தவை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்புப் பாதி. நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரங்களை ஏலம் எடுக்கிறவரிடம் கிளை உலுக்குகிற ஆளாகச் சேர்ந்தேன். ஒரு முறை மரத்திலிருந்து விழுந்து இடது தோள் இறங்கிப்போனது. "இவன் இனிமே எதுக்கும் ஆவ மாட்டான்" என்று என் சொந்தப் பெரியப்பாவே என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். அவருடைய பேரன் இன்று என் எடைமேடையில் சீட்டுக் கிழிக்கிறான்.

இதெல்லாம் உன்னால் எப்படி முடிந்தது என்று கேட்பார்கள். ஒரே பதில்தான். நான் எவரையும் நம்பியதில்லை. புளி மூட்டையை மேலே பார்த்து வாங்குகிறவன் ஆறு மாதத்தில் கடையைச் சாத்துவான். மேலே தேன் நிறத்தில் சதை இருக்கும், நடுவில் கொட்டை இருக்கும், அடியில் ஈர மண் இருக்கும். நான் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்த்தவன். சம்பந்தி வீட்டார் கொண்டுவந்த பலகாரக் கூடையிலும் அடி வரை கையை விட்டுப் பார்த்தேன் என்று என் மனைவி இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது உண்மைதான். அடியில் போன தீபாவளி முறுக்கு இருந்தது. அதை அவள் சொல்வதில்லை.

அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஒரு பாட்டுக் கூட்டத்தைப் பார்த்தேன். அதிலிருந்து இன்றுவரை எனக்கு நிம்மதி இல்லை. என்ன நடந்தது என்பதை முறையாக எழுதி வைக்கிறேன். அந்தக் கூட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். என் பெயரை அவர்கள் போடவில்லை, அவர்கள் பெயரை நான் ஏன் போட வேண்டும்.

அன்று சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். மருமகள் டிவி போட்டிருந்தாள். அவள் தனியார் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டியை விடமாட்டாள். எனக்கு அந்த நிகழ்ச்சிகளில் நம்பிக்கை கிடையாது. யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, மூன்று நடுவர்களை உட்காரவைத்து அழச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

தக், தக், தக். பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் தக், தக், தக். பிறகு ஒன்றுமில்லை.

கல்லின் மேல் இரும்பு படுகிற சத்தம். ஒரு கை இல்லை, முப்பது கை. என் கண் தானாகத் திறந்துகொண்டது. டிவியில் ஒரே இருட்டு, நடுவில் ஒரு சிவப்பு வெளிச்சம். மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் அசையாமல் நின்றார்கள். சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

என் கொட்டகையில் பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து புளி தட்டுவார்கள். ஆளுக்கு ஒரு கல். பழத்தை இடது கையில் பிடித்துக் கல்லின் மேல் வைத்து, வலது கையில் உள்ள சின்ன இரும்புச் சுத்தியால் தட்டினால் கொட்டை தெறித்து வெளியே வரும். எல்லாக் கல்லும் பாலிஷ் கம்பெனியில் கழித்துப் போட்ட கிரானைட் துண்டுகள். வாசலிலிருந்து ஏழாவது கல்லுக்குக் கீழே மட்டும் ஒரு பழைய குழி இருக்கிறது. இரும்புத் தகடு போட்டு மூடியிருக்கிறேன். அதனால் அந்தக் கல்லில் தட்டினால் தக் என்று வராது, டொம் என்று வரும்.

டிவியில் வந்த சத்தத்துக்குள் அந்த டொம் இருந்தது.

"இது நம்ம கொட்டாய்" என்றேன்.

"சும்மா படுங்க. டிவிகாரன் நம்ம கொட்டாய்க்கு எதுக்கு வரான்?" என்றாள் என் மனைவி.

"ஏழாவது கல்லு கேக்குது பாரு. எவனோ வந்து திருடிட்டுப் போயிருக்கான்."

"சத்தத்தயா?"

அதற்குள் ஒரு பையன் கிடாரைத் தொட்டான். நான் கல்யாண வீடுகளில் கிடார் கேட்டிருக்கிறேன், அது குழந்தை சிணுங்குகிற மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. மாட்டு வண்டிச் சக்கரம் மணலில் சிக்கிக்கொண்டு முனகுகிற மாதிரி, ஆனால் அந்த முனகலை நூறு மடங்கு பெரிதாக்கிய மாதிரி இருந்தது. பின்னால் ஒருவன் டிரம்ஸ் அடித்தான். அந்தப் பெண் மைக்கைப் பிடித்துப் பாடினாள்:

"விடிஞ்சா கல்லு முன்னால, படுத்தா கனவுல கல்லு,
விடிஞ்சா கல்லு முன்னால, படுத்தா கனவுல கல்லு,
எங்கம்மா கைய மோந்து பாத்தா சோத்து வாசன இல்ல, புளி."

சொன்னதையே இரண்டு தரம் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது என் அனுபவம். ஆனால் அந்தப் பெண் இரண்டாம் தரம் சொன்னபோது முதல் தரத்தைவிட மெதுவாகச் சொன்னாள். மூன்றாவது வரியை வாய்க்குள்ளேயே சொன்னாள். எனக்குத் தோள் வலித்தது. ஏன் என்று தெரியவில்லை.

நடுவில் ஒரு இடம் வந்தது. கிடார், டிரம்ஸ், சுத்திகள் எல்லாம் சேர்ந்து மூன்று அடி அடித்தன. நாலாவது அடியில் மொத்தமும் நின்றது. விளக்கும் அணைந்தது. டிவி கெட்டுப்போய்விட்டது என்று என் மனைவி ரிமோட்டை எடுத்தாள். மறுபடியும் மூன்று அடி. மறுபடியும் நின்றது. அங்கே உட்கார்ந்திருந்த கூட்டம் மூச்சு விடாமல் இருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

பாட்டு முடிந்ததும் நடுவர் அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்தார். துடைத்த காகிதம் காய்ந்தே இருந்தது, நான் கவனித்தேன். இன்னொருவர் எழுந்து நின்று, "அந்த அமைதி. அந்த நாலாவது அடியில் வருகிற அமைதி. அதை எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

அந்தப் பெண் சொன்னாள்: "எங்கம்மா புளி தட்டுற கொட்டாய்லருந்துங்க. தர்மபுரி பக்கம். எங்கம்மாவோட தட்டுங்க அது."

அவ்வளவுதான் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

"மாமா, அது யாருன்னு தெரியலீங்களா?" என்றாள் மருமகள். "நம்ம கொட்டாய்ல ஏழாவது கல்லுல உக்காருவாங்களே, அவுங்க பொண்ணு. பெங்களூர்ல வேலைல இருக்கா. போன மாசி மாசம் வந்து மைக் வெச்சாளே."

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முடி வளர்த்த ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "சத்தம் புடிச்சுக்கறோம் தாத்தா" என்று கேட்டாள். சரக்கைப் பிடிப்பார்கள், ஆளைப் பிடிப்பார்கள், சத்தத்தை யார் பிடிப்பார்கள். பையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே செத்த எலி மாதிரி மயிர் மூடிய ஒரு சாமான் இருந்தது. அதுதான் மைக் என்றார்கள். லேபர் ஆபீசிலிருந்து அனுப்பியிருக்கிறார்களோ, பாப்பிரெட்டிப்பட்டி வியாபாரி எவனாவது அனுப்பியிருக்கிறானோ என்று நினைத்தேன். அவளுடைய அம்மா கேட்டுக்கொண்டதால் இரண்டு நாள் விட்டேன். அவர்களுக்கு அப்போது நான் என்னென்ன சொன்னேன் என்பது டிவி பார்த்த அன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"இது என்ன பாட்டு?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"ப்ளூஸ் ராக் மாமா. அமெரிக்காவுல பருத்திக் காட்டுல அடிமையா வேல செஞ்சாங்க பாருங்க, அந்தக் கறுப்பு சனங்க பாட்டு. அவுங்க கஷ்டத்த அப்படியே பாடுவாங்க. அதுல கரண்டு கிடாரு, டிரம்ஸெல்லாம் சேத்தா ராக்கு."

"அந்தப் பாட்டுல காட்டுக்காரன் பேரு வருமா?"

"மொதலாளிங்களா?" அவள் சிரிப்பை அடக்கினாள். "வருவாரு மாமா. திட்டு வாங்க வருவாரு."

அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இரண்டானது. ஒன்று, என் கொட்டகையின் சத்தத்தை எடுத்துக்கொண்டு போய் எனக்குச் சொல்லாமல் விற்கிறார்கள். இரண்டு, அதை வைத்து என்னையே ஊர் முன்னால் திட்டுகிறார்கள்.

திங்கட்கிழமை காலை வழக்கம் போல எட்டு மணிக்குக் கொட்டகைக்குப் போனேன். எங்கள் கொட்டகையில் ஒரு முறை இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் வேறு எங்கும் கிடையாது. காலையில் வேலை தொடங்கியதும் நான் வாசலில் நிற்பேன். பெண்கள் மூன்று அடி தட்டுவார்கள். நாலாவது அடியில் நான் "விடு" என்று கத்துவேன். அந்த அடியில் யாரும் தட்டக்கூடாது. அந்த நேரத்தில் பழத்தைப் புரட்ட வேண்டும். டீ வருகிற வரைக்கும் அப்படி நின்று கத்துவேன். அதற்குள் கைகளுக்குப் பழகிவிடும், நாள் முழுக்க அவர்களே விட்டு விட்டுத் தட்டிக்கொள்வார்கள்.

அன்று கத்தவில்லை. நேராக ஏழாவது கல்லுக்குப் போனேன். அவள் இருபத்திரண்டு வருடமாக அந்தக் கல்லில் உட்காருகிறவள். எல்லாப் பெண்களும் சுத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"உன் பொண்ணு டிவில பாடினாளே, நீ பாத்தியா?"

"பாத்தங்க மொதலாளி. பக்கத்தூட்டுல போயி பாத்தன்."

"அந்தத் தட்டு உன்னோடதுன்னு சொல்றா."

"என் கைதானுங்களே தட்டுது."

"விடுன்னு சொன்னது யாரு?"

அவள் சுத்தியைக் கீழே வைத்தாள். இடது கையைத் தூக்கிக் காட்டினாள். ஆள்காட்டி விரல் முதல் கணுவில் கோணலாக இருக்கும். எனக்கு அது தெரிந்ததுதான்.

அது நடந்தது அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம். அப்போதெல்லாம் முப்பது பேரும் இடைவெளி இல்லாமல் தட்டுவார்கள். முப்பது சுத்தி ஒன்றாக விழ ஆரம்பித்தால் அதற்கு ஒரு வேகம் வந்துவிடும். இடது கை பழத்தைச் சரியாக வைத்திருக்கிறதா என்று பார்க்காமல், வலது கை சத்தத்தோடு சேர்ந்து இறங்கிவிடும். அந்த மாதத்தில் மூன்றாவது விரல் அது. ரத்தம் தெறித்து ஒரு கூடைப் புளி போயிற்று. லீவு வாங்குவதற்காக வேண்டுமென்றே தட்டிக்கொண்டாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அதை அவள் முகத்துக்கு நேராகவும் சொன்னேன். பிறகு அரூர் ஆஸ்பத்திரியில் அந்த விரலைப் பார்த்தேன். வேண்டுமென்று யாரும் அப்படித் தட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆள் இல்லாத கொட்டகையில் நானே ஒரு கல்லின் முன் உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். எத்தனை அடிக்கு ஒரு தரம் பழத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது என்று எண்ணினேன். மூன்று. ஆக நாலாவது அடியை எடுத்துவிட்டால் கைக்கு நேரம் கிடைக்கும். மறுநாளிலிருந்து வாசலில் நின்று கத்த ஆரம்பித்தேன். வேலை குறையும் என்று என் மச்சான் சொன்னான். குறையவில்லை. அதற்குப் பிறகு என் கொட்டகையில் ஒரு விரலும் போகவில்லை.

"விடுன்னு சொன்னது நீங்கதானுங்க. நான் இல்லேன்னு சொல்லலீங்க" என்றாள் அவள். "ஆனா அடி எங்களதுங்க."

"அடி உங்களது. சரி. விட்ட எடம்?"

"அது அவ வந்தா அவளயே கேளுங்க. சனிக்கெழம வரா."

அடுத்த வரிசையில் இருந்த ஒருத்தி, "விட்ட எடத்துக்குமா பட்டா கேப்பாங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாசலுக்குப் போய் நின்று, அன்று வழக்கத்தைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கூட அவள் அம்மா, மாசி மாசம் வந்த அந்த முடி வளர்த்த பையன். கிடார் வாசித்தது அவன்தான். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரன். டிவியில் கறுப்பு உடுப்பில் பெரிய ஆளாகத் தெரிந்த அந்தப் பெண், எங்கள் கூடத்தில் சுடிதார் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் அம்மாவின் சின்ன வயசு முகம் அப்படியே இருந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. "என்னத் திட்டிப் பாடினியா பாப்பா?"

"இல்ல தாத்தா."

"அமெரிக்காவுல மொதலாளியத் திட்டுவாங்களாமே."

"உங்கள நெனச்சே எழுதல தாத்தா. அம்மா கைய நெனச்சு எழுதினேன்."

இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அது திட்டைவிட மோசமாகப் பட்டது. திட்டியிருந்தால் பாட்டில் ஒரு மூலையில் இருந்திருப்பேன்.

"சத்தம் என் கொட்டாயோடது. நாலாவது அடி என் யோசன. டிவில அம்மாவோடதுன்னு மட்டும் சொன்ன. என் பேர ஏன் சொல்லல?"

அவள் என்னையே பார்த்தாள். "நீங்க சொன்னதத்தானே தாத்தா செஞ்சோம்."

"நான் என்ன சொன்னேன்?"

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து ஏதோ அழுத்தினாள். என் குரல் வந்தது. என் வீட்டுக் கூடத்தில், என் மனைவி, மருமகள் எல்லாரும் இருக்கும்போது.

"ஏம் பாப்பா, இதுல என் பேரு வரக்கூடாது. என் மூஞ்சி வரக்கூடாது. என் கொரலும் வரக்கூடாது. நாளைக்கு எவனாச்சும் வந்து நீதானன்னு நின்னா, நான் இல்லேன்னு சொல்லணும். தெரியுதா?"

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அவள் சிரிப்பு சமையலறையிலிருந்து கேட்டது.

நான் சொன்னது நிஜம். ஏன் சொன்னேன் என்பதையும் எழுதுகிறேன். ஒரே ஒரு தரம், தெரிந்தவர் ஒருவரை நம்பி, அவர் வாங்கிய கடனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். நான் ஆறு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தேன். அன்றிலிருந்து என் பெயர் என் கண்ணுக்குத் தெரியாத எந்த இடத்துக்கும் போகக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

"இன்னொண்ணு கேளுங்க" என்றாள் அவள்.

இப்போது கொட்டகையின் சத்தம் வந்தது. தக், தக், தக், பிறகு என் குரல்: "விடு." தக், தக், தக், "விடு."

"ஒவ்வொரு நாலாவது அடிலயும் நீங்க இருந்தீங்க தாத்தா. டீக்கு அப்புறம் எடுத்தத வெச்சுக்கலாம்னு பாத்தோம். அப்ப நீங்க கத்தல. ஆனா அதுல எல்லாரும் ஒண்ணா நிக்கல. ஒருத்தங்க பேசறாங்க, ஒருத்தங்க இருமறாங்க, சுத்தி முன்ன பின்ன வுழுது. நீங்க கத்தறப்ப மட்டுந்தான் முப்பது பேரும் ஒரே மாதிரி நிக்கறாங்க. அதனால அதயே எடுத்து, உங்க கொரல மட்டும் தொடச்சோம். கொரல் வேண்டாம்னு சொன்னீங்கல்ல."

"தொடச்சா?"

"அந்த எடம் காலியாச்சு. ஒரு பொட்டு சத்தம் இல்ல. அந்தக் காலியக் கேட்டதும் இவன் கிடாரக் கீழ வெச்சுட்டான். இங்க யாருமே வாசிக்கக் கூடாதுன்னான். பாட்டே அங்கருந்துதான் வந்துச்சு."

அந்தப் பையன் தலையை ஆட்டினான். "தும்ப சென்னாகிதெ சார்" என்றான். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வியாபாரத்தில் எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். அவன் முகத்தில் பொய் இருக்கிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

நடுவர் எழுந்து நின்று கேட்டாரே, அந்த அமைதியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று. என் தொண்டையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அங்கே பார்க்க வந்த கூட்டம் மூச்சை அடக்கியது நான் இருந்து, என்னை எடுத்துவிட்ட இடத்தில்.

"என் கொரல மறுபடி வெச்சுப் போட்டுக் காட்டு" என்றேன்.

அவள் வைத்தாள். கிடார் முனகியது, டிரம்ஸ் அடித்தது, எல்லாம் சேர்ந்து மூன்று அடி, நாலாவது அடியில் நான். கோழி விரட்டுகிறவன் மாதிரி இருந்தது. பாட்டு அதோடு செத்துப்போனது. மருமகள் தரையைப் பார்த்தாள். நல்ல சரக்கை நல்ல சரக்கென்றும் கெட்டதைக் கெட்டதென்றும் சொல்லத் தெரியாதவன் வியாபாரி இல்லை.

"எடுத்துடு" என்றேன். "நான் இல்லாததுதான் நல்லா இருக்குது. ஆனா இல்லாம இருக்கறது நான்தான்னு நாலு பேருக்குத் தெரியணும். பேரு போடு."

அடுத்த மாதம் அந்தப் பாட்டை உலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி வெளியிடப் போகிறார்களாம். யார் யார் என்ன வாசித்தார்கள் என்று அதில் பட்டியல் வருமாம். அதில் போடலாம் என்றாள்.

அப்போது அவள் அம்மா குறுக்கிட்டாள். "மொதலாளி பேரு போடறதுன்னா எங்க முப்பது பேரு பேரும் வரணும். சும்மா புளி தட்டறவங்கன்னு மொத்தமாப் போட்டா நான் ஒத்துக்க மாட்டன்."

"முப்பது பேர யாரும்மா படிப்பாங்க?" என்றாள் மகள்.

"நான் படிப்பன்."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. என் கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள் அப்படித்தான் பேசுவாள். முப்பது பேரையும் முதலில் போடு, என்னைக் கடைசியில் போடு, ஆனால் போடு என்றேன்.

அப்போதுதான் அந்தப் பெண் பையிலிருந்து இரண்டு பக்கக் காகிதத்தை எடுத்தாள். பெயர் வர வேண்டுமானால் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். முழுக்க ஆங்கிலம். பாட்டை வெளியிடுகிற கம்பெனி, பெயர் கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொன்றாக ஒரு கட்டே கொடுத்திருந்ததாம். அவள் அம்மா வாங்கி அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள், படித்துக்கூடப் பார்க்காமல். "எம் பொண்ணு குடுக்கறது" என்றாள்.

நான் மருமகளிடம் கொடுத்து வரி வரியாகப் படிக்கச் சொன்னேன்.

"கொட்டாயப் பத்தி ஒண்ணுமில்ல மாமா. நெலத்தப் பத்தியும் இல்ல. இந்தச் சத்தத்து மேல பின்னால எந்த உரிமையும் கேக்க மாட்டேன்னு இருக்கு. அவ்ளோதான்."

"மறுபடி படி."

"எந்த உரிமையும் கேக்க மாட்டேன்."

இதைத்தான் நான் சொல்கிறேன். நடுவில் இருக்கும் கொட்டை இது. என் பெயரைப் போடுவார்களாம், ஆனால் இது என்னுடையது என்று நான் சொல்லக்கூடாதாம். அந்தப் பெண் என்னை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் போடுகிற காகிதம்தான், கம்பெனி கேட்கிறது என்றாள். அவள் கண் நேராகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனிக்குக் கண் கிடையாது.

"போட மாட்டேன்" என்றேன்.

"போடலேன்னா பேரு வராது தாத்தா. நான் எவ்ளோ சொன்னாலும் அவுங்க ஒத்துக்க மாட்டாங்க."

"வரும்" என்றேன்.

அவர்கள் போன பிறகு, "பேரு வேண்டாம்னாலும் சண்ட, வேணும்னாலும் சண்ட. உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று கேட்டாள் என் மனைவி. எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதில் என் காகிதத்தை நானே எழுதுகிறேன், ஐந்தாம் வகுப்புப் பாதிக் கையெழுத்தில், எனக்குத் தெரிந்த மொழியில், எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லாமல். மாசி மாசத்தில் பேர் வேண்டாம் என்று சொன்னது நான்தான், மறைக்கவில்லை. அப்போது அது என்ன சரக்கு என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

ஆகவே அந்தப் பாட்டுக் கூட்டத்தாருக்கும் அவர்களுடைய கம்பெனிக்கும் சொல்லிக்கொள்கிறேன். பாட்டு வெளிவரும்போது கிடார் யார், டிரம்ஸ் யார், பாடியது யார் என்று போடுங்கள். அதன் கீழே சுத்தி என்று எழுதி, முப்பது பெண்களின் பெயரையும் ஒருவர் விடாமல் போடுங்கள். அதற்கும் கீழே, தனி வரியில், நாலாவது அடி என்று எழுதி என் பெயரைப் போடுங்கள், என் அப்பாவின் முதல் எழுத்தோடு, எழுத்துப் பிழை இல்லாமல்.